1936, அஞ்செட்டிக் காடு: நாவல் மாந்தர்கள் கையில் எந்தத் துப்பாக்கி இருந்தால் சரியாக இருக்கும்?

உரிகம்_வாசகன்:

அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், உரிகம் பகுதியை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். காலம் 1936, மாசியில் தொடங்கி வைகாசியில் முடிகிறது. மூன்று வேட்டைகள் வருகின்றன. கலெக்டர் உத்தரவின் பேரில் ஒரு கொம்பன் யானை, பென்னாகரம் பக்கம் ஆடு மாடு தூக்கும் ஒரு சிறுத்தை, தொட்டஹல்லா ஓடைக்கரையில் ஒரு புலி.

துப்பாக்கி எடுப்பவர்கள் மூன்று பேர். ஒருவர் பெங்களூர் கன்டோன்மென்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வெள்ளைக்கார மேஜர். இன்னொருவன் சென்னையில் படித்துவிட்டு ஊர் திரும்பிய ராயக்கோட்டைப் பண்ணையார் மகன். மூன்றாமவர் பயிர்க்காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் பென்னாகரம் விவசாயி. இவர்களோடு இருளர் ஒருவர் தடம் பார்க்க வருகிறார், அவர் கையில் ஆயுதம் இல்லை.

முதல் வரைவில் மேஜருக்கு 1910ல் வாங்கிய .450 நைட்ரோ இரட்டைக்குழல் ரைஃபிள் கொடுத்திருக்கிறேன். பண்ணையார் மகன் தொலைநோக்கி வைத்த மவுசரால் 300 கஜத்தில் புலியைச் சுடுகிறான். விவசாயி நாட்டுத் துப்பாக்கியால் அடுத்தடுத்து மூன்று முறை சுடுகிறார். இதில் எது நடக்கும், எது நடக்காது? எடை, குண்டு, கோளாறு எல்லாம் விவரமாகத் தெரிந்தால் காட்சிகளை மாற்றி எழுதிவிடுவேன்.


இரட்டைக்குழல்:

மூன்றுமே மாற வேண்டியவை. மேஜரிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

.450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் 1898ல் வந்தது. ரிக்பி என்ற துப்பாக்கிக் கம்பெனியின் தோட்டா. இந்தப் பெயர்களில் வரும் எண் ஏறத்தாழ குண்டின் அகலம், அங்குலத்தில். அருமையான தோட்டாதான், ஆனால் 1907ல் .450 ரக ரைஃபிளையும் தோட்டாவையும் இந்தியாவுக்கும் சூடானுக்கும் இறக்குமதி செய்யக் கூடாது என்று ஆங்கில அரசு தடை போட்டுவிட்டது. ராணுவத்தின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகள் .577/450 தோட்டாவில் ஓடியவை. அதற்கு ஆகும் சரக்கு கிளர்ச்சிக்காரர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்ற பயம். அதனால் 1910ல் மேஜர் இந்தியாவில் புதிதாக .450 வாங்கினார் என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுவார்கள். தடை வந்ததும் லண்டன் கம்பெனிகள் அளவைக் கொஞ்சம் மாற்றிப் புதுத் தோட்டாக்களை இறக்கின. .470, .500/465 இரண்டும் 1907ல் வந்தவை. ஆப்பிரிக்காவில் பெயர் வாங்கிய இந்தப் பெரிய தோட்டாக்கள் பிறப்பதற்கு இந்தியச் சட்டமும் ஒரு காரணம். மேஜர் வாயால் ஒரு வரி சொல்ல வைக்கலாம்.

.470 என்றால் 500 கிரெய்ன் குண்டு, அதாவது 32 கிராமுக்குச் சற்று மேல். வினாடிக்கு 2,150 அடி வேகம், குழல் வாயில் 5,100 அடி-பவுண்டுக்கு மேல் ஆற்றல். ரைஃபிள் பத்தரை, பதினொன்று பவுண்டு கனக்கும். யானைக்குப் போதும், கையில் மிச்சமும் இருக்கும். ஆனால் என் விருப்பம் .450/400. பெயரில் 450 இருந்தாலும் குண்டின் அளவு .400தான், தடை இதைத் தொடவில்லை. 400 கிரெய்ன் குண்டு, 2,100 அடி சொச்சம் வேகம், சுமார் 3,900 அடி-பவுண்டு. ரைஃபிள் ஒன்பதரை முதல் பத்து பவுண்டுக்குள். உதை தாங்கக்கூடியது. இந்தியாவில் அந்தக் காலத்தில் மிகவும் விரும்பப்பட்ட இரட்டைக்குழல் இதுதான், குமாயூனில் ஜிம் கார்பெட்டும் இதைத்தான் வைத்திருந்தார். புலி, கரடி, காட்டெருமை, யானை நான்கையும் ஒரே துப்பாக்கியால் சமாளிக்கும் மனிதர் என்றால் மேஜருக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை.

இதில் இரண்டு நீளம் உண்டு, குழப்பிவிடாதீர்கள். மூன்றேகால் அங்குலத் தோட்டா பழையது, கருமருந்துக் காலத்திலிருந்து வந்தது. சுட்ட பிறகு காலித்தோட்டா அறையில் ஒட்டிக்கொள்ளும் என்ற புகார் அதன்மேல் இருந்தது. அதைத் தீர்க்கத்தான் ஜெஃப்ரி கம்பெனி மூன்று அங்குலத் தோட்டாவைக் கொண்டுவந்தது. விளிம்பு தடிமன், உடல் குட்டை. ஒன்றின் தோட்டா மற்றதில் போகாது. பெங்களூரிலிருந்து தப்பான நீளம் வந்து சேர்ந்தால் முகாமே ஸ்தம்பித்துப் போகும். காட்சிக்கு நல்ல சிக்கல்.

அடுத்து அந்த 300 கஜம். உரிகம், தொட்டஹல்லா காடு இலையுதிர் காடும் மூங்கிலும், ஓடைக்கரையில் மருதும் புளியும். உண்ணிச்செடிப் புதர் அடர்ந்த இடத்தில் பதினைந்து கஜத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. அங்கே புலியை 300 கஜத்தில் காட்டுவதற்கு இடமே கிடையாது. குத்திராயன் சரிவில் எதிர்ப்பக்கம் நிற்கும் கடமான் என்றால் 150 கஜம் வரை ஏற்றுக்கொள்ளலாம். புலிக் காட்சி இருபதிலிருந்து அறுபது கஜத்துக்குள் நடக்க வேண்டும். தொலைநோக்கியைக் கழற்றிவிடுங்கள்.

பண்ணையார் மகனுக்கு .405 வின்செஸ்டர் பொருந்தும். 1895 மாடல், கீழே உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா வரும். தோட்டா 1904ல் வந்தது. இதே பென்னாகரம், ஜவளகிரி காடுகளில் கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்ததும் இந்த ரைஃபிள்தான், அதனால் இந்த வட்டாரத்துக்கு அந்நியமானதல்ல. 300 கிரெய்ன் குண்டு, 2,200 அடி, சுமார் 3,200 அடி-பவுண்டு. பெட்டியில் நான்கு தோட்டா நிற்கும். லண்டன் இரட்டைக்குழலோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு என்பதால் படித்த இளைஞன் கையில் இருப்பது இயல்பு. இதை வைத்து அவன் யானையை எதிர்கொள்ளும்படி மட்டும் எழுதாதீர்கள். குண்டு அகலமானது, ஆனால் எடை குறைவு, அதனால் ஆழமாகப் போகாது. யானை மண்டையின் மேல்பகுதி முழுக்கக் காற்றறைகள் நிறைந்த எலும்பு. மூளை தாழ்வாக, பின்னால் இருக்கிறது. நெற்றியில் உயரமாகப் பட்ட .405 குண்டு அங்கேயே தங்கிவிடும், யானை நிற்காது.


தாலுகா_கச்சேரி:

துப்பாக்கியைச் சொன்னவர் நன்றாகச் சொல்லிவிட்டார். 1936ன் நிர்வாகத்தை மட்டும் நான் சேர்க்கிறேன். பல நாவல்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன.

அப்போது தர்மபுரி மாவட்டமும் இல்லை, கிருஷ்ணகிரி மாவட்டமும் இல்லை. எல்லாம் சேலம் மாவட்டம். தர்மபுரி 1965 அக்டோபரில் பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004ல். ஆகவே உங்கள் உத்தரவு சேலம் கலெக்டர் பெயரில் வர வேண்டும், ஓசூர் சப்-கலெக்டர் வழியாக அஞ்செட்டிக்கு வந்து சேரலாம்.

யானையை இஷ்டத்துக்குச் சுட முடியாது. சென்னை மாகாணத்தில் காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் 1873லேயே வந்துவிட்டது, 1879ல் இந்தியாவுக்கான சட்டம். ஆட்களைக் கொன்ற, பயிரை அழித்த குறிப்பிட்ட ஒரு யானையைக் கலெக்டர் அறிவிப்புச் செய்தால் மட்டுமே வேட்டைக்காரர் கை வைக்கலாம். அறிவிப்பில் அந்த யானையின் அடையாளம் இருக்கும்: தோராயமான உயரம், தந்தத்தின் வடிவம், காது கிழிசல், எந்தெந்தக் காட்டில் திரிகிறது என்று. தப்பான யானையைச் சுட்டால் மேஜராக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டும். தந்தம் சர்க்காருக்கு. உங்கள் கதையில் இருளரின் முக்கியத்துவம் இங்கேதான் வருகிறது. தடத்தின் சுற்றளவையும் பாதத்தின் வெடிப்புகளையும் பார்த்து இது அறிவிப்பில் உள்ள யானைதான் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும் என்பது காட்டில் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. ஒரு கொடியை வைத்தே அளந்துவிடலாம்.

எல்லை இன்னொரு விஷயம். உரிகத்துக்குக் கீழே காவிரிக்கு அக்கரை கொள்ளேகால் தாலுகா, அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956ல்தான் மைசூர் ராஜ்யத்துக்குப் போனது. வடக்கே கனகபுரா பக்கம் போனால் மைசூர் சமஸ்தானம், அங்கே வேட்டை லைசென்ஸே வேறு. சேலம் கலெக்டரின் அறிவிப்பு அங்கே செல்லாது. கோடையில் தண்ணீர் தேடி யானை ஆற்றைக் கடந்துவிட்டால் மேஜர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாசி முதல் வைகாசி என்று காலத்தை வைத்திருப்பதால் இது நடக்கக்கூடிய காட்சி.

துப்பாக்கி லைசென்ஸ் 1878 ஆயுதச் சட்டத்தின் கீழ். விவசாயியின் நாட்டுத் துப்பாக்கி பயிர்க்காவலுக்குத் தரப்பட்டது. அதைத் தூக்கிக்கொண்டு காப்புக்காட்டுக்குள் வேட்டைக்குப் போனால் குற்றம். அவர் சுடுவது தன் நிலத்திலோ ஊர் எல்லையிலோ இருக்கட்டும்.


உரிகம்_வாசகன்:

எல்லை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி சார். ஒரு அத்தியாயமே மாறப்போகிறது.

சிறுத்தை வேட்டையை விவசாயியை மையமாக வைத்து எழுத ஆசை. நாட்டுத் துப்பாக்கியால் மூன்று முறை சுட முடியாது என்றால் எத்தனை முறை முடியும்? பரணில் அவருடன் பண்ணையார் மகனும் இருக்கிறான், அவன் கையில் அப்பாவின் பன்னிரண்டு போர் (ரவை சுடும் துப்பாக்கி) இருக்கலாம்.


கருமருந்து:

ஒரு முறைதான். இரண்டாவது வெடிக்கு நேரம் கிடையாது.

ஒற்றைக்குழல் வாய்வழித் துப்பாக்கியை லைசென்ஸ் தாளில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதுவார்கள். கெட்டிக்கும் முறை இது: முதலில் குழல் வழியாக மருந்து, அதன் மேல் தேங்காய்நாரோ துணியோ அடைப்பு, கம்பியால் இறுகக் குத்துவார்கள். பிறகு ஈயக்குண்டு அல்லது ரவை, அது உருண்டு வெளியே வராமல் மேலே இன்னொரு அடைப்பு. கடைசியாகக் குதிரையை (தட்டும் சுத்தியலை) ஏற்றி, முலையில் (குழலடியில் துவாரத்தோடு நீட்டி நிற்கும் சிறு குமிழில்) கேப் (அடி பட்டால் பொறி விடும் சிறு மூடி) வைக்க வேண்டும். பகலில், நிதானமாக, பழகிய கைக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். பரணில் இருட்டில் உட்கார்ந்தபடி, நீளக் கம்பியைக் கிளைகளுக்கு நடுவே உயர்த்திக் கெட்டிப்பது நடக்கிற காரியமல்ல. சத்தமும் அசைவும் போதும், அடிபட்ட சிறுத்தை பரண் இருக்கும் இடத்தைக் கண்டுகொள்ளும்.

கோளாறுகள் எங்கே வரும் என்று சொல்கிறேன், உங்களுக்கு இதுதான் அதிகம் பயன்படும். இரவுப் பனியில் முலைத் துவாரம் ஈரமானால் கேப் வெடிக்கும், உள்ளே மருந்து பற்றாது. அல்லது ஒரு கணம் தாமதித்துப் பற்றும். அந்த இடைவெளியில் ஆள் துப்பாக்கியை இறக்கிவிட்டால் வெடி தரையில் போகும். இதற்காகக் கேப் மேல் மெழுகு தடவுவார்கள், குதிரைக்கும் முலைக்கும் மேலே தோலோ துணியோ சுற்றி வைப்பார்கள். அடுத்தது, ஏற்கெனவே கெட்டித்திருப்பதை மறந்து மறுபடி கெட்டிப்பது. இரட்டை மருந்தில் குழல் பிளக்கும். அதனால் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்ப்பது பழக்கம். வெறும் குழலில் எவ்வளவு இறங்கும் என்று கம்பியில் ஒரு கோடு கீறியிருப்பார்கள், கோடு வெளியே நின்றால் உள்ளே சரக்கு இருக்கிறது. உங்கள் விவசாயி பரண் ஏறுமுன் இதைச் செய்தால் அவர் பழகிய கை என்று வாசகருக்குச் சொல்லாமலே புரியும்.

குண்டும் மருந்தும் குழலடியில் ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் காற்றிடைவெளி விட்டாலும் குழல் வெடிக்கலாம். பரணுக்கு ஏறும்போது துப்பாக்கியை வாய் கீழாகக் கட்டி இழுத்தால் மேல் அடைப்பு தளர்ந்து குண்டு நகர்ந்துவிடும். வாய் மேலாக, கேப் வைக்காமல் இழுக்க வேண்டும். ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேப்.

குழல் உள்ளே வழுவழுப்பு, குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளம் கிடையாது. ஒற்றைக் குண்டுக்கு முப்பது நாற்பது கஜத்துக்கு மேல் நம்பிக்கை வைக்கக் கூடாது. இரவில் பதினைந்து, இருபது கஜத்தில் ஆட்டைக் கட்டுங்கள். சுட்டதும் வெள்ளைப் புகை மறைக்கும். காற்று அசையாத இரவானால் பட்டதா இல்லையா என்பதே சில நொடிகளுக்குத் தெரியாது. அந்த நொடிகளில் பண்ணையார் மகனின் துப்பாக்கிக்கு வேலை வரும்.

அவனுக்குப் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல், பின்வழித் துப்பாக்கி. வலக்குழலில் எல்.ஜி. ரவை, இடக்குழலில் அதைவிடச் சிறிய எஸ்.ஜி. அல்லது இரண்டிலுமே எல்.ஜி. எல்.ஜி. ஒரு அவுன்சுக்கு ஆறு ரவை, எஸ்.ஜி.க்கு எட்டு. இருபது கஜம் வரை ரவை கூட்டமாகப் போகும், சிறுத்தையின் தோளுக்கு அது பலமான அடி. முப்பதைத் தாண்டினால் பரவி, இரண்டோ மூன்றோ ரவைதான் உடம்பில் படும். காயப்பட்ட சிறுத்தையை ஊர் ஓரத்தில் விட்டுவைப்பதற்கு இதைவிட நிச்சயமான வழி இல்லை. அந்த வட்டாரத்துச் சிறுத்தை ஆட்களைத் தாக்கத் தொடங்கியது எப்படி என்று உங்கள் கதைக்குக் காரணம் தேவைப்பட்டால், யாரோ தூரத்திலிருந்து சுட்ட எல்.ஜி. ரவை பாதத்தில் தங்கியிருக்கலாம்.

பணமிருக்கும் வீடு என்பதால் பேரடாக்ஸ் துப்பாக்கியும் யோசிக்கலாம். பார்க்கப் பன்னிரண்டு போர் போலவே இருக்கும், குழல் வாய்ப்பக்கம் சில அங்குலம் மட்டும் வரி வெட்டியிருக்கும். ஃபாஸ்பரி என்ற ராணுவ அதிகாரியின் யோசனை, ஹாலண்ட் கம்பெனி 1880களில் செய்து விற்றது. ரவையும் சுடலாம், கனமான ஒற்றைக் குண்டும் சுடலாம், நூறு கஜத்துக்குள் ரைஃபிள் போலக் குறி நிற்கும். காலையில் காட்டுக்கோழி, இரவில் சிறுத்தை என்று ஒரே துப்பாக்கி.


மதிகிரி:

மேஜருக்கு .450/400 நல்ல தேர்வுதான், ஆனால் மாற்றுக் கருத்து ஒன்று. 1936ல் பெங்களூரில் இருக்கும் சிக்கனமான ராணுவக்காரர் .375 ஹாலண்ட் மேக்னம் மேகசின் ரைஃபிள் (தோட்டாப் பெட்டி வைத்த ஒற்றைக்குழல்) எடுத்திருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. 1912ன் தோட்டா. 300 கிரெய்ன் குண்டு சுமார் 2,500 அடியில் போகும், கடமானுக்கு இலகுவான குண்டும் கிடைக்கும். மவுசர் வகைப் போல்ட் (கையால் பின்னிழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டாவை ஏற்றும் தாழ்), ரைஃபிள் ஒன்பது பவுண்டு. இரட்டைக்குழல் கைவேலைச் சரக்கு. இரண்டு குழலையும் ஒரே இடத்தில் படும்படி ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு ஒத்திசைத்து ஒன்றாக இணைப்பதே பெரிய வேலை, விலையும் அதற்குத் தகுந்தபடிதான்.

வெப்பத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத் தோட்டாவுக்குள் கார்டைட் மருந்து, நூல் நூலாக இருக்கும். சூடேறினால் அழுத்தம் கூடும். இங்கிலாந்துக் குளிரில் சரியாக இருந்த தோட்டா சித்திரை வெயிலில் அஞ்செட்டிப் பாறை மேல் வைத்திருந்தால் காலித்தோட்டா அறையில் இறுகி ஒட்டிக்கொள்ளும். இரட்டைக்குழலைத் திறக்கவே வராது, அல்லது வெளித்தள்ளும் நகம் விளிம்பைத் தாண்டி வழுக்கிவிடும். பிறகு குச்சி விட்டு வாய்ப்பக்கமிருந்து தட்டித்தான் எடுக்க வேண்டும். இதற்காகவே இந்தியாவுக்கென்று மருந்தைக் குறைத்த தோட்டாக்கள் வந்தன. .375 தோட்டாவின் உடல் நன்றாகச் சரிந்து குறுகும், சூட்டிலும் எளிதாக வெளியே வரும். தோட்டாப்பையை நிழலில், துணி சுற்றி வைப்பது மேஜரின் பழக்கமாக இருக்கட்டும்.

போல்ட் ரைஃபிளில் ஆபத்து வேறு மாதிரி. பதற்றத்தில் போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுக்காமல் தள்ளினால் புதுத் தோட்டா ஏறாது, வெறும் அறையில் "டிக்" என்று கேட்கும்.

சுத்தம் செய்யும் காட்சி வைத்தால் வெந்நீரை மறக்காதீர்கள். அன்றைய கேப் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அதன் உப்பு குழலில் தங்கி ஈரத்தை இழுக்கும். எண்ணெய் துடைத்தால் உப்பு போகாது, நீரில்தான் கரையும். அதனால் முதலில் கொதிநீர், பிறகு உலர்ந்த துணி, கடைசியில் எண்ணெய். சுட்ட அன்றிரவே செய்யாவிட்டால் கோடை மழை பெய்த மறுநாள் குழலுக்குள் துரு பூத்துவிடும். மேஜருக்கு வேலையாள் செய்வான் என்று எழுதினாலும், வெந்நீர் பானை அடுப்பில் இருக்கட்டும்.


இரட்டைக்குழல்:

மதிகிரி சார் சொன்னதில் விலையும் வெப்பமும் சரி. ஆனாலும் அடர்ந்த உண்ணிப்புதருக்குள் அடிபட்ட மிருகத்தைத் தேடிப் போகும் காட்சிக்கு நான் இரட்டைக்குழலையே எடுப்பேன். இரண்டாவது குண்டுக்குக் கையை நகர்த்த வேண்டியதில்லை, விரல் முன்விசையிலிருந்து பின்விசைக்குப் போனால் போதும். முன்விசை வலக்குழல், பின்விசை இடக்குழல். ஒரு குழல் பழுதானாலும் மற்றது தனி விசை, தனிக் குதிரை. குட்டையாகவும் இருக்கும், புதரில் குழல் வாய் சிக்காது. மேகசின் ரைஃபிளின் நான்கு தோட்டா அங்கே பயன்படாது. புலி பத்து கஜத்திலிருந்து பாய்ந்தால் இரண்டாவதைச் சுட நேரம் கிடைப்பதே பெரிது, மூன்றாவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

மேஜர் ரைஃபிளில் சேஃப்டி (தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) தானாகப் பின்னே வராத வகை என்று எழுதுங்கள். பன்னிரண்டு போரில் குழலைத் திறந்து மூடினாலே சேஃப்டி தானாக ஏறிக்கொள்ளும், பறவைச் சுடுதலுக்கு அது நல்லது. ஆபத்தான மிருகத்துக்கு வேண்டாம் என்று ரைஃபிள் செய்யும்போதே நீக்கச் சொல்வார்கள். பண்ணையார் மகன் பரணில் ஒருமுறை சுட்டு, திறந்து, புதுத் தோட்டா போட்டு மூடி, விசையை இழுத்தும் வெடிக்காமல் திகைத்தால் காரணம் இதுதான். வாசகர் யாரும் இதைக் குறை சொல்ல முடியாது.

குண்டு வகையும் முக்கியம். யானைக்கும் காட்டெருமைக்கும் முழு உறையிட்ட கெட்டிக் குண்டு. புலி, சிறுத்தை, கரடிக்கு முனையில் ஈயம் தெரியும் மென்குண்டு. மாற்றிச் சுட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம். கெட்டிக் குண்டு புலியை ஊடுருவி மறுபக்கம் போய்விடும், புலி காயத்தோடு ஓடும். மென்குண்டு யானை மண்டையில் மலர்ந்து பாதியில் நிற்கும். யானைத் தடத்தில் போகும் வழியில் புலி எதிர்ப்பட்டால் மேஜர் எந்தக் குழலில் எதை வைத்திருந்தார் என்பது உயிர்ப் பிரச்சினை.

புலிக்குப் பரணில் காத்திருந்தால், குறியைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண முன்குறி சின்ன மணி, இருட்டில் தெரியாது. பல ரைஃபிள்களில் அதன் பின்னால் மடக்கி வைத்த பெரிய வெள்ளை மணி ஒன்று இருக்கும், நிலா வெளிச்சத்தில் அதை நிமிர்த்திக்கொள்வார்கள். 1936ல் டார்ச் விளக்கும் வந்தாயிற்று. குழலின் கீழ்ப்பக்கம் பிடிபோட்டுப் பொருத்தி, பொத்தான் இடக்கைக் கட்டைவிரலுக்கு வரும். உதையில் பல்பின் இழை அறுந்துவிடும் என்பதால் முதல் வெடிக்குப் பிறகு இருட்டு என்றே திட்டமிட வேண்டும், பரணில் இன்னொருவர் கையில் தனி விளக்கு இருக்கட்டும்.


உரிகம்_வாசகன்:

மேஜருக்கு மூன்று அங்குல .450/400, இளைஞனுக்குக் காட்டில் .405, பரணில் அப்பாவின் பன்னிரண்டு போர், விவசாயிக்கு ஒரே ஒரு வெடி. இப்படியே எழுதுகிறேன். .405ல் என்ன கோளாறு வரும்? யானை வேட்டைக்குப் புறப்படும் காலையில் மேஜர் எத்தனை தோட்டா எடுத்துப்போவார்? இந்த ரைஃபிள்களை நேரில் பார்க்க வழி உண்டா?


மதிகிரி:

.405ல் நெம்புகோல் கீழே முழுக்க இறங்கி வர வேண்டும். தரையோடு படுத்தோ பரண் விளிம்பில் கட்டையை அழுத்தியோ இருந்தால் அது பாதியில் இடித்துக்கொள்ளும், தோட்டா ஏறாது. உட்கார்ந்தோ நின்றோ சுட வைக்கவும். நெம்புகோல் இறங்கும்போது அடிப்பக்கம் திறந்துகொள்வதால் தூசியும் சருகும் உள்ளே போகும். நீங்கள் வைத்திருப்பது சருகுக் காலம், அதனால் இது நடக்கக்கூடியதே. தோட்டாவுக்கு விளிம்பு உண்டு, பெட்டியில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் சிக்கினால் திணறும். ஒவ்வொன்றாக, முந்தையதன் விளிம்புக்கு முன்னால் வரும்படி அமர்த்தி நிரப்ப வேண்டும்.

நேரில் பார்க்க வேண்டுமானால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் பழைய ஆயுதங்கள் காட்சியில் உள்ளன. அங்கே வாய்வழித் துப்பாக்கியின் குதிரை, முலை, கம்பி எல்லாவற்றையும் நிதானமாகப் பாருங்கள், கை வைக்கும் விதம் புரிந்துவிடும். வீட்டில் யாரிடமாவது தாத்தா காலத்து ரைஃபிள் இருந்தால், லைசென்ஸ் இருக்கிறதா என்று தெரியாமல் கையில் வாங்காதீர்கள்.


இரட்டைக்குழல்:

தோட்டாக் கணக்கு: .450/400 ஒன்று சுமார் 50 கிராம். இருபது என்றால் ஒரு கிலோ, அதற்கு மேல் ஒரு நாளைக்குத் தேவையில்லை. குழலில் இரண்டு கெட்டிக் குண்டு. இடுப்பு வாரில் வலப்பக்கம் கெட்டிக் குண்டு எட்டு, இடப்பக்கம் மென்குண்டு நான்கு. இரண்டும் கலக்கக் கூடாது என்பதால் பக்கம் பிரித்து வைக்கிறார்கள். மீதி ஆறு, துப்பாக்கி சுமக்கும் ஆளின் பையில். யானையை நெருங்கும்போது மட்டும் இடக்கை விரல்களுக்கு நடுவே இரண்டு தோட்டாவை, விளிம்பு வெளியே தெரியும்படி பிடித்துக்கொள்வார். சுட்டுத் திறந்ததும் காலித்தோட்டா இரண்டும் தானாகத் தெறிக்கும், விரலிடுக்கில் இருப்பது நேராகக் குழலுக்குள் போகும். பழகிய கைக்கு நாலைந்து வினாடி. வாரிலிருந்து உருவினால் அதைப்போல இரண்டு மடங்கு ஆகும்.

புறப்படும் முன் முகாமில் குழல் இரண்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். முந்தைய நாள் பூசிய எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும், எண்ணெய்க் குழலில் முதல் குண்டு இடம் மாறிப்படும். பெங்களூரிலிருந்து வந்த புதுத் தோட்டாவாக இருந்தால், முகாமுக்குத் தொலைவில் ஐம்பது கஜத்தில் ஒரு மரத்தில் குறி வைத்துக் குழலுக்கு ஒன்றாக இரண்டு சுட்டுப் பார்க்கட்டும். இரண்டும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தால் தோட்டா ரைஃபிளோடு ஒத்துப்போகிறது. ஒரு சாண் விலகினால் ஒத்திசைத்த எடையும் வந்த எடையும் வேறு. கார்டைட் எடையும் குண்டு எடையும் குழலின் அடிப்பக்கம் பொறித்திருக்கும், பெட்டிமேல் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.